ஃபில்டர் மாற்றியதும் வண்டி இழுக்கவில்லையா? முதலில் டீசல் லைனில் காற்று இருக்கிறதா பாருங்கள்

அண்ணே, டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு, குளச்சலில் மீன் ஏற்றி வரும் பிக்கப் மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது திணறி அணைகிறது, டீசல் பம்பைக் கழற்றணும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். எனக்கு டீசல் லைனில் காற்று என்றுதான் படுகிறது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, லைனில் டீசலைக் கையால் ஏற்றும் கைப்பம்பை அமுக்குங்கள். நல்ல லைன் என்றால் கொஞ்ச நேரத்தில் கல் மாதிரி இறுகும். மெத்தென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது; ஃபில்டர் வாஷர், ஹோஸ் கிளிப் பாருங்கள். காமன்ரெயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வண்டியில், எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தவே கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

அப்புறம், மீன்பெட்டித் தண்ணீர் வடிந்து எர்த் வயர் முனை பச்சை பூத்திருக்கும், சுரண்டிவிடுங்கள். ஒரு ஃபில்டர், ஃபேன் பெல்ட், ஒரு முழம் டீசல் ஹோஸ், நாலைந்து கிளிப், ஃபியூஸ் எப்போதும் வண்டியிலேயே கிடக்கட்டும்.