இறைச்சி இனக் கிடேரிகள்: தீனி, எடை, தலை ஈத்து (கேள்வி பதில்)

பால் மறந்த நாளிலிருந்து தலை ஈத்து (முதல் கன்று ஈனுவது) வரை கிடேரி (இன்னும் கன்று ஈனாத இளம் பெண் மாடு) வளர்ப்பில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, என் கிடேரிகளுக்கு 14 மாதம் ஆகிவிட்டது. காளை சேர்க்கலாமா?

வயதை மட்டும் சொன்னால் போதாது தம்பி, எடையைச் சொல்லுங்கள். உங்கள் மந்தையில் முழுதாக வளர்ந்த பசு என்ன எடை இருக்குமோ, அதில் 60 முதல் 65 சதவீதம் வந்த பிறகு சேர்த்தால் நல்லது. பசு 500 கிலோ என்றால் கிடேரி 300 முதல் 325 கிலோ. அப்புறம், முதல் முறை பருவத்துக்கு வந்த உடனே சேர்ப்பதைவிட இரண்டு மூன்று பருவச் சுற்று கழிந்த பிறகு சேர்த்தால் சினை நன்றாக நிற்கும். ஒரு சுற்று ஏறக்குறைய 21 நாள் என்பதால், 15 மாதத்தில் சேர்க்க நினைப்பவர் 13 மாதத்திலேயே பருவ அறிகுறி தெரிகிறதா என்று பார்க்கத் தொடங்க வேண்டும். திமில் உள்ள இனங்கள் இயல்பாகவே தாமதமாகத்தான் பருவத்துக்கு வரும், அவற்றை மற்ற இனங்களின் வயதுக் கணக்கில் அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு எடை கூட வேண்டும்? அதற்கு எவ்வளவு தீனி?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 7 மாதத்தில் 200 கிலோவில் பால் மறந்த கன்று, 15 மாதத்தில் 320 கிலோ வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 நாளில் 120 கிலோ, அதாவது தினம் அரை கிலோ. அவ்வளவுதான், பயப்படும் அளவு இல்லை. ஆனால் நல்ல புல் உள்ள மாதங்களில் மேய விட்டுவிட்டு, புல் காய்ந்த மாதங்களில் வைக்கோலை மட்டும் போட்டால் அந்த அரை கிலோ வராது, ஏனென்றால் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான், வளரும் கிடேரிக்கோ மொத்தத் தீனியில் 10 முதல் 12 சதவீதம் புரதம் வேண்டும். பயறு வகைப் பசுந்தீவனமோ புண்ணாக்கோ கொஞ்சம் சேர்த்தாலே நிலைமை மாறிவிடும், வைக்கோல்கூட அப்போது நன்றாகச் செரிக்கும்.

அளவு என்று பார்த்தால், உடல் எடையில் சுமார் 2.5 சதவீதம் உலர்பொருளாக (தீனியில் தண்ணீர் நீக்கிய மிச்சம்) தின்னும். 250 கிலோ கிடேரிக்கு 6 கிலோ சொச்சம். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், எனவே அதே 6 கிலோவுக்கு 30 கிலோ புல் வெட்டிப் போட வேண்டும். தாது உப்பும் சுத்தமான தண்ணீரும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை எடை போடுங்கள், தராசு இல்லையென்றால் மார்புச் சுற்றளவு நாடா போதும். கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் நம்பமாட்டேன், தினமும் பார்க்கிற மாட்டில் வளர்ச்சி நின்றுபோனது நமக்குத் தெரியாது.

கேள்வி: அப்படியானால் அடர்தீவனத்தை (தானியம், புண்ணாக்கு போன்ற சத்துத் தீனி) நிறையக் கொடுத்துச் சீக்கிரம் வளர்த்துவிடலாமே?

வேண்டாம். பருவத்துக்கு வருமுன் அதிகம் கொழுத்த கிடேரிக்கு மடியில் பால் திசு வளர வேண்டிய இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடும், பின்னால் கன்றுக்குப் பால் குறையும். ஈனும்போதும் இடுப்புக்குள் சேர்ந்த கொழுப்பு கன்றின் வழியை நெருக்கும். கறிக்கு வளர்க்கும் காளைக்கன்றின் தீனி இவளுக்கு வேண்டாம். தானியம் கொடுத்தே ஆக வேண்டிய நிலையிலும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள், திடீரென்று கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி மாடே போய்விடும்.

கேள்வி: காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியை இனவிருத்திக்கு வைக்கலாமா?

வைக்காதீர்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகத்தான் இருக்கும்.

கேள்வி: சினைக் கிடேரிக்குக் கடைசி மூன்று மாதம் தீனியைக் குறைத்தால் கன்று சிறியதாகி எளிதாக ஈனும் என்கிறார்களே?

இதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தயவுசெய்து. பட்டினி போட்டால் கன்றின் எடை கொஞ்சம் குறையலாம், ஆனால் ஈனும் சிரமம் குறையாது. முக்குவதற்குத் தாய்க்குத் தெம்பு இருக்காது, சீம்பால் தரமாக இருக்காது, பிறந்த கன்று எழுந்து நிற்கவே தடுமாறும். ஈனும் நேரத்தில் முழு எடையில் 85 சதவீதம் வந்திருக்க வேண்டும், முன்பு சொன்ன 500 கிலோ பசுக் கணக்கில் 425 கிலோ. ஒன்று முதல் ஒன்பது வரையான உடல்நிலை மதிப்பெண்ணில் ஐந்தோ ஆறோ இருந்தால் சரி: விலா எலும்பு துருத்தக் கூடாது, வாலடியில் கொழுப்பு உருண்டையாக நிற்கவும் கூடாது.

எளிதாக ஈன வேண்டுமென்றால் காளையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வையுங்கள். பிறக்கும்போது எடை குறைந்த கன்றுகளைத் தருகிறது என்று பதிவு உள்ள காளையையோ சினை ஊசியையோ பயன்படுத்துங்கள். இதைத் தீனியில் சரிசெய்ய முடியாது.

கேள்வி: தலை ஈத்து நன்றாக முடிந்தது. அடுத்த சினைதான் நிற்கவில்லை. ஏன்?

அந்த இளம் பசு என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். கன்றுக்குப் பால் கொடுக்கிறது, தானும் இன்னும் வளர்கிறது, பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைப்பதும் ஏறக்குறைய இதே வயதில்தான். பெரிய பசுக்களோடு ஒரே தொட்டியில் விட்டால் அவை முட்டித் தள்ளிவிட்டு நல்லதைத் தின்றுவிடும். தனியாக வைத்துத் தீனி போடுங்கள். தலை ஈத்துப் பசு மறுபடி பருவத்துக்கு வர மூன்று மாதம்கூட ஆகலாம், அதனால்தான் கிடேரிகளை மற்ற பசுக்களைவிட மூன்று நான்கு வாரம் முன்பே காளைக்கு விடுவது. அந்த அவகாசம் அடுத்த ஆண்டு கைகொடுக்கும்.

கேள்வி: இரண்டு மாதம் காளையோடு விட்டும் நான்கு கிடேரி சினை பிடிக்கவில்லை. இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாமா?

முதலில் அந்த நான்கின் எடைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள், காளையையும் ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எடை குறைவாக இருந்திருந்தால் தவறு தீனியில்தான், அவற்றுக்கு வாய்ப்பு கொடுப்பது நியாயம். மற்றவை எல்லாம் சினையாகி, இவை மட்டும் சரியான எடையிலும் வெறுமனே நின்றால், இளசாக இருக்கும்போதே கறிக்கு விற்றுவிடுங்கள். மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் சினை பிடிக்கத் தாமதிக்கும் கிடேரி பெரும்பாலும் அடுத்தடுத்த ஆண்டும் பின்தங்கியே நிற்கும்.