முகத் திட்டுகளுக்கு 'கீமோ' கிரீம் தடவலாமா?

அல்பினிசம் (பிறவியிலேயே தோல், முடி, கண்ணில் நிறமி குறைந்திருப்பது) உள்ள தம்பிக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் வெயிலால் சொரசொரப்பான திட்டுகள் வந்திருக்கின்றன, டாக்டர் 5 சதவீத ஃபுளோரோயூராசில் கிரீம் எழுதியிருக்கிறார், அது புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்தாமே, தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடவலாம். எனக்கும் அல்பினிசம்தான், நானும் தடவியிருக்கிறேன்.

கீமோ மருந்து என்பது உண்மைதான். ஆனால் நரம்பில் ஏற்றுவது வேறு, தோலில் தடவுவது வேறு. தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். கெட்டுப்போய் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அது முக்கியமாக அழிக்கும். அதனால் திட்டு இருக்கும் இடமெல்லாம் சிவந்து, புண்ணாகி, பொருக்குக் கட்டும். அதுவரை கண்ணில் படாத திட்டுகளும் அப்போதுதான் தலைகாட்டும். வீட்டில் எல்லோரும் நிறுத்தச் சொல்லப்போவது அந்தக் கட்டத்தில்தான்.

என் சித்தி "பையன் முகத்தையே பொசுக்கிட்டாரே அந்த டாக்டர்" என்று ஒப்பாரி வைக்காத குறை. கற்றாழை வந்தது, மஞ்சள் வந்தது. மெடிக்கல் ஷாப்காரர் யாரும் கேட்காமலே ஸ்டீராய்டு ட்யூப் ஒன்றை நீட்டினார். நம் ஊரில் தோலில் எது வந்தாலும் அதுதானே மருந்து! நான் எதையும் தொடவில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, மருந்து வேலை செய்கிறது, சொன்ன நாள் வரை போடுங்கள் என்றார். நிறுத்திய சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்து தோல் வழவழப்பானது.

"நீ என்ன டாக்டரா?" என்று யாராவது கீழே கமெண்டில் வருவார்கள். இல்லைதான். ஆனால் 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வைப் பாருங்கள். இதே வெயில் திட்டுகள் உள்ள 624 பேரிடம் நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்டதில், ஓராண்டு கழித்து இந்தக் கிரீம்தான் முன்னால் நின்றது. புற்றுநோய் பயத்தால் ஐரோப்பாவில் 2020இல் விலக்கப்பட்டது இன்ஜெனால் என்கிற வேறு ஜெல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பயப்பட வேண்டிய இடங்களும் உண்டு. கண், உதடு, மூக்கு மடிப்பில் படக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இந்த மருந்தை உடலில் சிதைக்கும் டிபிடி என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆகாது. தடவியதும் கையைக் கழுவச் சொல்லுங்கள். வீட்டில் நாய் இருந்தால் ட்யூபை எட்டாத இடத்தில் வையுங்கள். கடித்துத் தின்ற நாய்கள் செத்திருக்கின்றன. திட்டு தடித்து, வலித்து, ரத்தம் கசிந்தால் கிரீமை நம்பி உட்காராமல் புற்றுநோயா என்று சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன, அல்பினிசத்துக்குத் தனி இடம் இல்லை. அல்பினிசத்தோடு வரும் பார்வைக் குறைவைக் காட்டித்தான் சான்றிதழ் வாங்க வேண்டும், தோல் கணக்கிலேயே வராது. நான் சான்றிதழுக்குப் போனபோது "நல்லா வெள்ளையாத்தானே இருக்கீங்க, அப்புறம் என்ன குறை?" என்று கேட்டார் ஒருவர். எங்களுக்கு உயிர்காக்கும் சன்ஸ்கிரீனைக் கடையில் பவுடர், ஸ்நோ பக்கத்தில் அழகுசாதனமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு மாதாமாதம் ஆகும் செலவை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது?