வெள்ளாடு சினையா, எப்போது ஈனும்: புதிதாக வளர்ப்பவர்களுக்குக் கேள்வி பதில்

சாத்தூர் பக்கம் கன்னி இன வெள்ளாடு வளர்க்கிறேன். நான் மருத்துவர் இல்லை, அதனால் ஊசி, மருந்து அளவு எல்லாம் கேட்காதீர்கள். சினை பிடித்ததா, என்ன தீனி கொடுப்பது, ஈனும்போது எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்கும்போது கிடா சேர்ந்த தேதியையும் எழுதுங்கள். தேதி இல்லாமல் கேட்டால் பாதி பதில்தான் வரும்.

விளாத்திகுளம்: அக்கா, கிடாவோடு சேர்ந்து பத்து நாள் ஆகிறது. சினை பிடித்துவிட்டதா என்று இப்போதே தெரியுமா?

தெரியாது தம்பி. பத்து நாளில் ஆட்டைப் பார்த்தோ தொட்டோ யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். பருவத்துக்கு வந்த ஆடு சினை பிடிக்கவில்லை என்றால் ஏறக்குறைய 21 நாளில் மறுபடியும் பருவத்துக்கு வரும். சேர்ந்த தேதியிலிருந்து 18-ஆம் நாள் தொடங்கி ஒரு வாரம் நன்றாகக் கவனியுங்கள். காரணமில்லாமல் கத்துகிறதா, வாலை விடாமல் ஆட்டுகிறதா, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுகிறதா, மற்ற ஆடுகள் மேல் தாவுகிறதா, பின்பக்கம் கண்ணாடி போல வழும்பு தெரிகிறதா. இதெல்லாம் ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும், காலையிலும் மாலையிலும் நின்று பார்த்தால்தான் கண்ணில் படும். எதுவுமே இல்லை என்றால் சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் அதுவே உறுதி இல்லை. கர்ப்பப்பையில் நீர் மட்டும் சேர்ந்து பொய்ச்சினையாக நிற்கும் ஆடுகளும் உண்டு, அதுவும் பருவத்துக்கு வராது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒன்றரை மாதம் கழித்து ஸ்கேன் பாருங்கள். நெல்லை, நாமக்கல், ஒரத்தநாடு போன்ற ஊர்களில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள்.

சேர்ந்த நாளைக் காலண்டரில் குறித்துவிட்டீர்களா? சினைக்காலம் 150 நாள், ஐந்து நாள் முன்னே பின்னே ஆகலாம். ஜனவரி 15-ல் சேர்ந்தால் ஜூன் 14 வாக்கில் குட்டி. தீனியைக் கூட்டுவது, தடுப்பூசி, இரவு எழுந்து பார்ப்பது எல்லாவற்றையும் அந்த ஒரு தேதியை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். கிடாவை எப்போதும் பட்டியோடு விட்டுவைத்தால் இந்தத் தேதி உங்கள் கைக்கு வரவே வராது. கிடாவைத் தனியே கட்டி, பருவத்துக்கு வந்த ஆட்டை மட்டும் கொண்டுபோய் விடுங்கள்.

உசிலம்பட்டி: போட்டோ அனுப்பியிருக்கிறேன். வயிறு இவ்வளவு பெரிதாக இருக்கிறது, சினைதானே?

உங்கள் படத்தில் இடது பக்கம்தான் புடைத்திருக்கிறது. அங்கே இருப்பது இரைப்பை. தீனி தின்றுவிட்டு வந்த எந்த ஆட்டுக்கும், கிடாவுக்கும்கூட, இடது பக்கம் அப்படித்தான் இருக்கும். குட்டி வலது பக்கம் அடிவயிற்றில் இருக்கும். காலையில் தீனி போடுவதற்கு முன் ஆட்டின் பின்னால் நின்று பாருங்கள். நான்காவது மாதத்துக்கு மேல் வலது கீழ்ப்பக்கம் இறங்கித் தெரியும், மடிக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஏந்தினால் கெட்டியாக ஒன்று வந்து கையில் இடிக்கும். மெதுவாக என்று சொன்னேன், அழுத்திப் பிசைந்து பார்க்காதீர்கள்.

மணப்பாறை: மெடிக்கலில் விற்கும் கர்ப்பம் பார்க்கும் அட்டையில் ஆட்டின் சிறுநீரை விட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். அந்த அட்டை காட்டும் ஹார்மோன் ஆட்டில் கிடையாது.

எட்டயபுரம்: சந்தையில் "மூன்று மாதச் சினை" என்று சொல்லி இரண்டு ஆடு கொடுத்தார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

சந்தையில் சொல்லும் மாதக் கணக்குக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தீனியும் தண்ணீரும் கொடுத்து வயிற்றை நிரப்பிக் கொண்டுவந்தால் எந்த ஆடும் சினை போலத் தெரியும். இப்போது செய்யக்கூடியது இதுதான். வாங்கிய நாளைக் குறித்து வையுங்கள். பருவத்துக்கு வருகிறதா என்று ஒரு மாதம் கவனியுங்கள். வராவிட்டால் ஸ்கேன். தலைச்சினையாக இருந்தால் மடி கடைசி ஒன்றரை மாதத்தில்தான் திரளத் தொடங்கும், ஏற்கெனவே ஈன்ற ஆட்டுக்குக் கடைசி இரண்டு மூன்று வாரம் வரைகூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனால் மடி இல்லை என்று உடனே கறிக்குத் தள்ளிவிடாதீர்கள். அப்புறம், புது ஆடுகளை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் சந்தையிலிருந்துதான் பல பட்டிகளுக்குள் வருகிறது.

அருப்புக்கோட்டை: சினை ஆட்டுக்கு என்ன தீனி? சத்துக்காக ரேஷன் அரிசி ஊறவைத்துக் கொடுக்கிறோம்.

அரிசியை இன்றே நிறுத்துங்கள். பொங்கிய சோறும் வேண்டாம், கல்யாண வீட்டு மிச்சமும் வேண்டாம். பழக்கமில்லாத ஆடு ஒரு வேளை அள்ளித் தின்றால் போதும், இரைப்பையில் அமிலம் கூடி, அசை நின்று, கழிந்து, மறுநாளே படுத்துவிடும். சினை ஆடு என்றால் குட்டியும் சேர்ந்து போகும்.

முதல் மூன்று மாதம் தனியாக எதுவும் தேவையில்லை, நல்ல மேய்ச்சலும் தழையும் போதும். அந்த நாட்களில் கொழுக்க வைத்தால் பின்னால் தொல்லைதான். கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி மளமளவென்று வளரும். கன்னி ஆடு பெரும்பாலும் இரண்டு குட்டி போடும் இனம், இரண்டும் சேர்ந்து வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஆட்டால் ஒரே நேரத்தில் நிறையத் தின்ன முடியாது. அகத்தி, சவுண்டல், வேலிமசால் தழைகளில் எது கிடைக்கிறதோ அதைக் காய்ந்த தீனியோடு கலந்து பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) நாளுக்கு 50 கிராமில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கூட்டி, 200 அல்லது 250 கிராம் வரை கொண்டுபோங்கள்.

கடைசி மாதத்தில் ஒரு சினை ஆடு தீனியை விட்டுவிட்டுத் தனியே போய் நின்றால், பல்லை நறநறவென்று கடித்தால், நடை தள்ளாடினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வெளித் தீனி போதாமல் ஆடு தன் உடம்புக் கொழுப்பையே கரைத்து, அதுவே நஞ்சாகும் நிலை அது. அன்றைக்கே மருத்துவர் பார்த்தால் பிழைக்க வழி இருக்கிறது.

திருமங்கலம்: போட்டோ பார்த்துச் சொல்லுங்கள் அக்கா, சினையா?

தேதி?

பரமக்குடி: சினையில் குடற்புழு மருந்து, தடுப்பூசி போடலாமா?

மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். அல்பெண்டசோல் சினையின் தொடக்கத்தில் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம், கலையவும் செய்யலாம். எத்தனை மாதச் சினை என்று மருத்துவரிடம் சொல்லி, அவர் எழுதிக் கொடுப்பதைக் கொடுங்கள். அவர் முதலில் கேட்கப் போவதும் தேதியைத்தான். துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசியை ஈனுவதற்கு நாலைந்து வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்புப் போகும். அதையும் அவரிடமே கேளுங்கள்.

ஓட்டப்பிடாரம்: இன்றைக்கு ஈனுமா, நாளைக்கா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. வால் தொடங்கும் இடத்தில் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக் கீழ்நோக்கித் தடவுங்கள். பென்சில் கனத்தில் இரண்டு நரம்பு போல விறைப்பாகத் தட்டுப்படும். கடைசி வாரத்தில் தினமும் தடவிப் பழகுங்கள், நாளுக்கு நாள் இளகிக்கொண்டே வரும். ஒரு நாள் தடவினால் அந்த இரண்டுமே கைக்குத் தட்டுப்படாது, விரல்கள் வாலெலும்பைச் சுற்றி ஏறக்குறைய சேர்ந்துவிடும். அப்படியானால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி. அன்று மேய்ச்சலுக்கு விடாதீர்கள். மடி பளபளவென்று இறுகுவது, காலால் தரையைப் பறிப்பது, படுத்து எழுந்து படுப்பது, கெட்டியான வழும்பு தொங்குவது எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

கமுதி: நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதானா?

தவறு. குட்டி எழுந்து நின்றதும், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள், சீம்பால் உள்ளே போக வேண்டும்.

கமுதி: அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் செய்கிறோம். முன்னாலேயே குடிக்க விட்டால் நஞ்சு தங்கிவிடும் என்பார்கள்.

நேர்மாறு அண்ணே. குட்டி காம்பைச் சப்பும்போதுதான் கர்ப்பப்பை சுருங்கும், நஞ்சு விழுவதற்கு அது உதவும். குடிக்க விடாமல் காத்திருந்தால் நஞ்சும் தாமதம், குட்டிக்கும் கேடு.

முதுகுளத்தூர்: அவர் சொல்வதில் என்ன தவறு? நாங்களும் அப்படித்தான், குட்டிகள் நன்றாகத்தானே வளர்கின்றன. சீம்பால் அதிகமானால் கழியும்.

எல்லாக் குட்டியும் சாகும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஆடுகளில் பாதி மேய்ச்சலிலேயே ஈன்றிருக்கும், நீங்கள் போய்ப் பார்ப்பதற்குள் குட்டி தானாகவே குடித்திருக்கும். பிழைத்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ஆட்டு வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகாது, அந்த வழி அதன் உடம்பில் இல்லை. பிறந்த பிறகு சீம்பால் வழியாகத்தான் கிடைத்தாக வேண்டும். குட்டியின் குடல் அதை அப்படியே ரத்தத்துக்குள் வாங்குவது முதல் சில மணி நேரம்தான் நன்றாக நடக்கும், நேரம் போகப் போகக் குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். நஞ்சு விழ சில ஆடுகளுக்கு 12 மணி நேரம்கூட ஆகும். அதுவரை காத்திருந்து கொடுத்தால் பாலாகத்தான் போகும், பாதுகாப்பாகப் போகாது. அந்தக் குட்டி அன்றைக்குச் சாகாது, மூன்றாவது நாளோ இரண்டாவது வாரமோ கழிச்சலில் போகும், நீங்கள் சீம்பால் அதிகமாகிவிட்டது என்பீர்கள். 2 கிலோ குட்டிக்கு முதல் ஒரு நாளில் மொத்தமாக 200 மில்லி, பல வேளையாகப் பிரித்து. இது அதிகம் இல்லை.

கொடுக்கும் முன் இரண்டு வேலை. ஒன்று, இரண்டு காம்பையும் ஒருமுறை பீய்ச்சிவிடுங்கள். துளையில் மெழுகு மாதிரி ஓர் அடைப்பு இருக்கும், சோனிக் குட்டிகளால் அதை உறிஞ்சி எடுக்க முடியாது. இரண்டு, குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் ஊற்றக் கூடாது. முதலில் துடைத்து, சாக்கில் சுற்றி, உடம்போடு அணைத்துச் சூடேற்றுங்கள், வாய் வெதுவெதுப்பான பிறகு பால்.

முதுகுளத்தூர்: சரி, அடுத்த ஈற்றுக்குச் செய்து பார்க்கிறேன்.

செய்யுங்கள். தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் தொடுவதையும் மறக்க வேண்டாம்.

சிவகாசி: சினை ஆட்டுக்குக் கஞ்சி, சோறு கொடுக்கலாமா?

அருப்புக்கோட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள். கூடாது.

தேனி: நான்கு மாதச் சினை, நேற்றுச் சினை கலைந்து குட்டியை வீசிவிட்டது. ஒரே வாரத்தில் இது இரண்டாவது ஆடு. மனைவி மாசமாக இருக்கிறாள், அவள்தான் ஆடுகளைப் பார்க்கிறாள்.

முதலில் உங்கள் மனைவியைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். வீசிய குட்டியையோ நஞ்சையோ தொட்டிருந்தால் அவருடைய மருத்துவரிடம் இன்றே அதைச் சொல்லுங்கள். ஆடு முட்டியோ விழுந்தோ ஒன்று கலையலாம், அடுத்தடுத்து இரண்டு என்றால் கிருமியைத்தான் சந்தேகிக்க வேண்டும். சினையைக் கலைக்கும் புருசெல்லா என்ற கிருமி மனிதருக்கும் வரும், ஆட்டிலிருந்து வரும் வேறு சில கிருமிகள் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். வெறும் கையால் எதையும் எடுக்காதீர்கள், உறை போட்டுக்கொள்ளுங்கள், நாய்க்குப் போடாதீர்கள். கலைந்த ஆட்டைத் தனியே கட்டுங்கள். கால்நடை மருத்துவர் மாதிரி எடுத்த பிறகு மிச்சத்தை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். பச்சைப் பால் யாரும் குடிக்க வேண்டாம். கலைந்த ஆட்டை விற்றுக் கழித்துவிடலாம் என்று சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள், நோயை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவதாகும்.

ராஜபாளையம்: நாலரை மாதப் பெட்டைக் குட்டி கிடாக்குட்டிகளோடு திரிகிறது, பரவாயில்லையா?

உடனே பிரியுங்கள். அந்த வயதிலேயே சினை பிடித்துவிடும், உடம்பு தாங்காது. தாய் ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வந்த பிறகு, அதன் சொந்த அப்பன் அல்லாத கிடாவோடு சேருங்கள்.

சங்கரன்கோவில்: போட்டோ அனுப்புகிறேன், சினையா என்று...

படத்தைப் பார்த்துச் சினை சொல்ல மாட்டேன். உசிலம்பட்டி பதிலைப் படித்துவிட்டு, தேதியோடு வாருங்கள்.

பொள்ளாச்சி: எங்கள் பசுவுக்கு...

மாட்டுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கோவில்பட்டி: 148 நாள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாக முக்குகிறது, ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது. பிடித்து இழுக்கலாமா?

இழுக்காதீர்கள். இரண்டு முன்னங்காலும் அவற்றின் மேல் மூக்கும் சேர்ந்து வர வேண்டும், ஒரு கால் மட்டும் என்றால் மற்றது உள்ளே மடங்கியிருக்கிறது. அரை மணி நேரம் முக்கியும் நகரவில்லை என்றாலே ஆள் கூப்பிட வேண்டும், உங்களுக்கு ஒரு மணி ஆகிவிட்டது. இப்போதே பக்கத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடியுங்கள். வண்டி வரும்வரை ஆட்டை நிழலில், சுத்தமான வைக்கோல் மேல் வைத்திருங்கள், கூட்டம் சேர விடாதீர்கள், எண்ணெய் எதுவும் உள்ளே ஊற்றாதீர்கள். எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனை எடுங்கள் தம்பி.