தொட்டிலைத் தேடி வரும் சளி

கேள்வி: என் மகளுக்கு நான்கு மாதம் முடியப்போகிறது. பிரசவத்துக்கு வந்ததிலிருந்து கும்பகோணத்தில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். பதினோரு நாட்களுக்கு முன்பு அவளுக்கு லேசாக மூக்கு ஒழுகியது. நான்காம் நாள் மூச்சு இரைத்து, பால் குடிக்க முடியாமல் போனதால் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் ‘ஆர்.எஸ்.வி.’ என்று வந்தது; நோயின் பெயர் பிராங்கியோலைட்டிஸ் என்றார்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை, இருமல் மருந்தும் எழுதித் தரவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு நாளாகியும் இருமல் நிற்கவில்லை. பால் நன்றாகக் குடிக்கிறாள், சிரிக்கிறாள். மருந்தே கொடுக்காமல் அனுப்பிவிட்டார்களே என்று அம்மாவுக்கு ஆதங்கம். ஆவி பிடிக்கவும் சாம்பிராணி போடவும் சொல்கிறார். கணவர் நெபுலைசர் வாங்கலாம் என்கிறார். இது ஆஸ்துமாவாக மாறிவிடுமா? வீட்டில் எல்லோரும் சுத்தமாகத்தான் இருக்கிறோம். யு.கே.ஜி. படிக்கும் அக்கா மகனுக்கு மட்டும் அப்போது சாதாரணச் சளி இருந்தது. பிறகு எப்படி இது வந்தது? அடுத்த வாரம் புகுந்த வீட்டுக்கு அழைத்துப்போக நாள் குறித்திருக்கிறார்கள்; அன்று நூறு பேருக்குச் சாப்பாடு. போகலாமா? என் அண்ணி ஏழு மாதக் கர்ப்பிணி. அவருடைய குழந்தைக்காவது இது வராமல் தடுக்க முடியுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி, ‘பால் நன்றாகக் குடிக்கிறாள், சிரிக்கிறாள்’ என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் கடிதத்தின் மீதியை நிதானமாகப் படித்தேன். நான்கு மாதக் குழந்தைக்குப் பால் குடிப்பது என்பது நமக்கு மாடிப்படி ஏறுவதைப் போன்ற உழைப்பு. மூச்சு திணறும் குழந்தையால் அதைச் செய்ய முடியாது.

இருமலுக்கு வருகிறேன். ஆர்.எஸ்.வி. என்பது ஒரு சளி வைரஸ். இது நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள நுண்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. அந்தக் குழாய்களின் வீக்கத்துக்குத்தான் பிராங்கியோலைட்டிஸ் என்று பெயர். அங்கே சளியை மேலே தள்ளிவிடும் மெல்லிய மயிரிழைகள் உண்டு. அவற்றைத் தாங்கும் செல்கள் செத்து உதிர்ந்துவிடுகின்றன. வைரஸ் போன பிறகும் அவை முழுதாக முளைத்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குழாயைக் கூட்டிப் பெருக்கும் வேலையை இருமல்தான் செய்யவேண்டும். இரண்டு வாரம் இருமுவது சாதாரணம். சில குழந்தைகளுக்கு மூன்று வாரத்தைத் தாண்டியும் போகும். பதினோராம் நாள் இருமலை நிறுத்தக் கூடாது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மருந்தே கொடுக்கவில்லை என்ற உங்கள் அம்மாவின் ஆதங்கம் எனக்குப் புதிதல்ல. ஆனால் உங்கள் மருத்துவர் சோம்பலால் எழுதாமல் விடவில்லை. ஒரு தாளில் நாலு மருந்தை எழுதி நீட்டுவது எங்களுக்கு மிகவும் சுலபம். வீட்டாரும் திருப்தியாகப் போவார்கள். எழுதாமல் இருப்பதற்குத்தான் அரை மணி நேரம் பேசவேண்டியிருக்கிறது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இரைப்போடு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் நெபுலைசரும் ஸ்டீராய்டும் கொடுத்தவன்தான். பிறகு வந்த ஆய்வுகள், இவை பிராங்கியோலைட்டிஸில் குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாளைக்கூடக் குறைப்பதில்லை என்று காட்டின. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம், பாக்டீரியாத் தொற்று இல்லாதபோது ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று தெளிவாகவே எழுதிவிட்டது.

காரணம் எளிது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சால்பியூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. உங்கள் மகளுக்கு இருந்தது தசை இறுக்கம் அல்ல, உட்சுவரின் வீக்கமும் அடைப்பும். ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதற்குள் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு கூடும். அதே வீக்கம் உங்களுக்கு வந்தால் இரண்டு நாள் தும்மல்; ஏற்கெனவே நூல் போன்ற குழாய் உள்ள குழந்தைக்கு ஆக்சிஜன். அந்த மூன்று நாளும் ஆக்சிஜன், பால், மூக்கைச் சுத்தம் செய்வது ஆகியவைதான் அவளுக்கு நடந்த சிகிச்சை. ஆகவே கணவரிடம் நெபுலைசருக்கு வைத்திருக்கும் பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இருமல் மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இரசாயனம் கலந்திருந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதன் பிறகு மத்திய அரசின் சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. கலப்படமே இல்லாத நல்ல மருந்தானாலும் இந்த வயதில் பயன் இல்லை, தூக்கக் கலக்கமும் மூச்சு மந்தமும் வரும் ஆபத்துதான் உண்டு.

ஆவி பிடிப்பது வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். சாம்பிராணி, கொசுவர்த்தி, ஊதுவத்தி, அடுப்புப் புகை, அப்பாவின் சிகரெட் எல்லாமே வெந்த புண்ணில் வேல்தான். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கித் தனி நிமோனியாவை உண்டாக்கும். கற்பூரம் கலந்த தைலம் தேய்க்காதீர்கள். ஒரு வயதுவரை தேனை நாக்கில் தடவவும் வேண்டாம். இத்தனையையும் மறுத்துவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார் என்பது தெரியும். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: பால் கொடுப்பதற்கு முன்பு மூக்கில் இரண்டு சொட்டு உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டு, இளகி வரும் சளியைத் துணியால் மெல்லத் துடைக்கட்டும். குழந்தைகள் இந்த வயதில் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கு திறந்தால் பால் இறங்கும். பாலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

இனி, எப்படி வந்தது என்ற கேள்வி. நீங்கள் சுத்தமாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும் வைரஸ் இது. 1956-இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளுக்கு மூக்கொழுகியபோதுதான் முதலில் பிடிபட்டது. மறு ஆண்டே பால்டிமோர் குழந்தைகளிடம் அதே வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. குரங்கின் சளி என்று நினைத்தது மனிதக் குழந்தையின் சளி. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்றும் இல்லை. வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் லேசாக. அதனால்தான் அக்கா மகனுக்கு அது சாதாரணச் சளி. பள்ளி விட்டு வந்ததும் தங்கையைப் பார்க்கத் தொட்டிலுக்கு ஓடி வந்திருப்பான், கன்னத்தைத் தொட்டிருப்பான். அவனைத் திட்டாதீர்கள்.

ஆனால் எப்படித் தொட்டான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் கரோலின் பிரீஸ் ஹால் என்ற குழந்தை மருத்துவர் ஓர் அழகான சோதனை செய்தார், 1981-இல் வெளியானது. ஆர்.எஸ்.வி. வந்து சேர்க்கப்பட்ட குழந்தைகளின் அறைகளுக்குத் தன்னார்வலர்களை மூன்று குழுவாக அனுப்பினார். முதல் குழு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியது, பால் கொடுத்தது, துணி மாற்றியது. இரண்டாம் குழு, குழந்தை அறையில் இல்லாதபோது போய்க் கட்டிலையும் பொம்மையையும் தொட்டுவிட்டுத் தன் மூக்கையும் கண்ணையும் தொட்டுக்கொண்டது. மூன்றாம் குழு குழந்தையிடமிருந்து ஆறடிக்கு அப்பால் சும்மா உட்கார்ந்திருந்தது. கொஞ்சிய ஏழு பேரில் ஐந்து பேருக்குத் தொற்று வந்தது. குழந்தையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பொருளை மட்டும் தொட்ட பத்துப் பேரில் நான்கு பேருக்கு வந்தது. உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

சின்னச் சோதனைதான். ஆனாலும் முகக்கவசத்தையும் காற்றையும் பற்றி கொரோனா காலத்தில் நாம் கற்றுக்கொண்டதை அப்படியே இங்கே தூக்கி வரக் கூடாது என்பது அதில் தெரிகிறது. அருகில் இருமினால், தும்மினால் இதுவும் பரவும், மறுக்கவில்லை. ஆனால் இது முக்கியமாகக் கைகளின் வைரஸ். சளி பட்ட வழவழப்பான மேசை, கட்டில் கம்பியில் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். துணியில் அதைவிடக் குறைவு, தோலில் இன்னும் குறைவு. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் போதும், கை கண்ணுக்கோ மூக்குக்கோ போய்விடும். வாயைவிடக் கண்ணும் மூக்கும்தான் இதற்கு நல்ல வாசல் என்பதையும் அதே மருத்துவர்தான் காட்டினார். கன்னத்தில் முத்தம் கொடுக்காதே என்று விரட்டும் நாம், தொட்டுக் கும்பிடுவதைப் போலக் குழந்தையின் முகத்தை வழித்துத் திருஷ்டி கழிக்கும் பத்துக் கைகளைக் கவனிப்பதில்லை.

இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். விலை உயர்ந்த கிருமிநாசினி வேண்டியதில்லை, குளியலறைச் சோப்பு போதும், இருபது நொடி தேய்க்கவேண்டும். வெறும் தண்ணீரில் விரல் நனைப்பது கை கழுவுவது ஆகாது. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஆல்கஹால் கலந்த கைத்தெளிப்பு ஒன்று இருந்தால் வருகிறவர்களிடம் சொல்லச் சங்கடமில்லை, நீட்டினால் போதும். அக்கா மகன் பள்ளியிலிருந்து வந்ததும் கைகால் கழுவி, சட்டை மாற்றிய பிறகு பாப்பாவின் பாதத்தைத் தொட்டு விளையாடட்டும். முகமும் கையும் அவன் சளி தீரும்வரை வேண்டாம். குழந்தையின் கை நேராக வாய்க்கும் கண்ணுக்கும் போகும், பாதம் அவ்வளவு எளிதில் போகாது. உங்களுக்கே சளி பிடித்தால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். நீங்கள் முகக்கவசம் போடுங்கள், குழந்தைக்குப் போடாதீர்கள்.

அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் தீட்டு என்று சொல்லி வெளியாட்களை நிறுத்தி வைத்தார்கள். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதனால் சிசுவுக்குக் கிடைத்த தனிமையை, இன்று பிறந்த மறுநாளே கைமாற்றிக் கைமாற்றிச் செல்ஃபி எடுக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

மீண்டும் இரைத்தால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்குள் இருக்கும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. இரண்டு மாதத்துக்குக் கீழே 60. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுவது, மூக்கு விடைப்பது, முனகுவது, வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்காதது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். உதடு நீலம் பூத்தாலோ, மூச்சு இடையிடையே நின்றாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் பெரியவர்களுக்கான ஆக்சிஜன் கருவியைக் குழந்தையின் விரலில் மாட்டிப் பார்த்து நிம்மதி அடையவோ பதறவோ வேண்டாம். அது சரியாகக் காட்டாது.

ஆஸ்துமா பற்றி: ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய்ப்பட்ட குழந்தைகளில் பலருக்கு அடுத்த சில வருடங்களில் சளி பிடிக்கும்போதெல்லாம் இழுப்பு வரலாம். வைரஸ்தான் நுரையீரலை அப்படி மாற்றிவிடுகிறதா, அல்லது இழுப்பு வரும் இயல்புள்ள குழந்தைகளைத்தான் வைரஸ் கடுமையாகத் தாக்குகிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்குள் இழுப்பு நின்றுவிடும். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

புகுந்த வீட்டுக்குப் போவதில் தடையில்லை. நூறு பேர் சாப்பாட்டில்தான் தடை. உங்கள் மகள் இன்னும் ஒன்றிரண்டு வாரம் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கக்கூடும். விருந்துக்கு வரும் வேறொரு கைக்குழந்தைக்கு அது போகும். அவளுடைய ஆறாத நுண்குழாயில் வேறொரு சளி வைரஸ் வந்து உட்காரவும் இடமுண்டு. நல்ல நாள் தவறக் கூடாது என்றால் அன்று நான்கைந்து பேரோடு காரில் போய்ச் சேருங்கள். பந்தியை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளட்டும். மாமியார் வருத்தப்பட்டால் மருத்துவர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

உங்கள் அண்ணிக்கு நல்ல செய்தி உண்டு. 1960-களில் இந்த வைரஸுக்கு முதல் தடுப்பூசி செய்தபோது அது காக்காமல் நோயைக் கடுமையாக்கியது. இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்த அடியால் பல பத்தாண்டுகள் முன்னேற்றம் மெதுவாகவே இருந்தது. வைரஸ் செல்லோடு இணைவதற்கு முன்பு அதன் புரதம் இருக்கும் வடிவத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-இல் கண்டறிந்த பிறகுதான் வழி திறந்தது. 2023-இல் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. தாய்க்குப் போடும் ஊசியால் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய், முதல் ஆறு மாதம் காக்கிறது. அங்கே அதை 32 முதல் 36 வாரத்துக்குள் போடுகிறார்கள். பிரசவத்துக்கு இரண்டு வாரமாவது முன்பு போட்டிருக்கவேண்டும். பிறந்த குழந்தைக்கே ஒரே தவணையாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசியும் உண்டு. இவற்றில் ஏதாவது ஒன்றை நாடுகள் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் பரிந்துரைத்திருக்கிறது. ஏழு மாதம் என்றால் அண்ணிக்கு நேரம் சரியாக இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது தனக்கு எது கிடைக்கும், எது பொருந்தும் என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்கட்டும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கும் இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைக்கும் இது இன்னும் முக்கியம்.

அதுவரை அண்ணி உங்கள் மகளைத் தூக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் அந்தப் பேச்சு வந்திருக்கும். தூக்கலாம். தூக்குவதற்கு முன்பு ஒருமுறை, இறக்கிவிட்ட பிறகு ஒருமுறை கை கழுவவேண்டும். இந்த இரண்டு வாரத்துக்கு இரண்டாவது முறைதான் முக்கியம்.