'சோடியம் குறைவு' பாக்கெட்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருக்கிறது; டயாலிசிஸ் வரை போகவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர், ரத்தத்தில் பொட்டாசியமும் ஏறியிருப்பதாகச் சொல்கிறார். அவருக்கோ தினமும் நட்ஸ் கொறித்தாக வேண்டும். 'சோடியம் குறைவு' என்று போட்ட வறுத்த கலவை பாக்கெட் வாங்கலாமா? விலை கூடுதல்தான்.

பதில்: பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். உப்பைக் குறைத்த சில தின்பண்டங்களில் ருசிக்காகப் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள். சேர்மானப் பட்டியலில் அந்தப் பெயரிலோ 508 என்ற எண்ணிலோ இருக்கும். அது இருந்தால், கூடுதல் காசு கொடுத்து எதைத் தவிர்க்கச் சொன்னார்களோ அதையே வாங்கியதாக ஆகும். கலவையில் திராட்சை, உலர்ந்த ஆப்ரிகாட் கிடந்தால் அதிலும் பொட்டாசியம் உண்டு.

உப்பே போடாத, ஒரே வகை நட்ஸ் வாங்குங்கள். சேர்மானப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தால் நல்ல பாக்கெட்.

எந்த வகை? 28 கிராமில், அதாவது ஒரு சின்னக் கைப்பிடியில், பிஸ்தாவில் பொட்டாசியம் சுமார் 290 மில்லிகிராம். பாதாம் 200ஐ ஒட்டி வரும், முந்திரி அதற்குச் சற்றுக் கீழே. வால்நட்டில் 125, மக்கடாமியாவில் 100 அளவுதான். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் பாஸ்பரஸையும் கவனிக்க வேண்டும்; அதிலும் இந்த இரண்டும் குறைவு. முந்திரியில் பாஸ்பரஸ் 170 மில்லிகிராம் வரை போகும். என் ஓட்டு வால்நட்டுக்கு. நட்ஸில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸை உடல் பாதியளவுக்குக்கூட எடுத்துக்கொள்வதில்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் மசாலா பூச்சு போட்ட வகைகளில் 'பாஸ்பேட்' என்று முடியும் சேர்மானம் இருந்தால், அது பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் சேரும்.

அப்புறம், லேபிளில் 'ஒரு பரிமாறல்' எத்தனை கிராம் என்று பாருங்கள். 15 கிராமுக்குக் கணக்குப் போட்டிருந்தால், கைப்பிடி அளவு சாப்பிடுபவர் எல்லா எண்ணையும் இரட்டிப்பாக்க வேண்டும். பெரிய டப்பா மலிவு, சரி; ஆனால் டப்பாவோடு டிவி முன் உட்கார்ந்தால் அளவு நிற்காது. எடை போட்டுக் கிண்ணத்தில் கொடுங்கள். அவருக்கு எத்தனை கிராம் என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும் டாக்டரோ உணவியல் நிபுணரோதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எனக்குச் சிறுநீரகக் கல் வந்து போனது. பாதாம் பாலுக்கு மாறலாமா?

பதில்: எந்த வகைக் கல் என்று கேட்டீர்களா? கால்சியம் ஆக்சலேட் (கால்சியமும், தாவர உணவுகளில் இருக்கும் ஆக்சலேட்டும் சேர்ந்து உருவாகும் கல்) என்றால் பாதாம் வேண்டாம், அதில் ஆக்சலேட் அதிகம்; பாதாம் பாலும் பாதாம் மாவும் அதில் சேர்த்திதான். முந்திரியிலும் ஆக்சலேட் கணிசமாக உண்டு. மேலே கேட்டவருக்கு நான் தள்ளிவைத்த பிஸ்தா உங்களுக்கு ஒத்துவரும், மக்கடாமியாவும் அப்படியே. கல்லுக்குப் பயந்து சாதாரணப் பாலை, தயிரை நிறுத்திவிடாதீர்கள். உணவோடு சேரும் கால்சியம், ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும்.