அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஜூலியா மோர்கனுக்குப் பெயர் வந்தது ஹர்ஸ்ட் மாளிகையால் மட்டும்தானா?

கலிபோர்னியாவின் சான் சிமியன் மலையில் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டுக்குக் கட்டிய மாளிகையை வைத்தே எல்லோரும் மோர்கனைப் பேசுகிறார்கள். அவருடைய உண்மையான பலம் கான்கிரீட்டைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது என்பேன்.

பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் முடித்தது 1894இல். பாரிஸின் எக்கோல் தே போசார் கலைப்பள்ளி 1897இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. முதல் தேர்வில் அவருக்கு 42ஆம் இடம். எடுத்ததோ 30 பேரை. 1898இல், மூன்றாவது முறை, 13ஆவதாக வந்து சேர்ந்தார். 1902இல் அங்கே கட்டடக்கலைச் சான்றிதழ், 1904இல் கலிபோர்னியா உரிமம். இரண்டையும் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அதே 1904இல் ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் 72 அடி மணிக்கூண்டைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் எழுப்பினார். செங்கல் சுவர் மேலிருந்து இறங்கும் பாரத்தை நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் ஆட்டம் கொடுத்தால் ஒரு புறம் இழுபடும். அங்கே சாந்து விரிசல் விட்டுப் பிரியும். கம்பியில்லாத கான்கிரீட்டுக்கும் இதே கதிதான். உள்ளே கம்பி இருந்தால் அந்த இழுப்பை அது வாங்கிக்கொள்ளும். வெயிலில் கம்பியும் கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் ஒன்றைவிட்டு ஒன்று கழலாது. 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவே சரிந்தபோது இந்தக் கூண்டு அசையாமல் நின்றது.

அதன்பின் அந்நகரின் ஃபேர்மான்ட் ஹோட்டலைச் சீரமைக்கும் வேலை அவரிடம் வந்தது. திறக்கத் தயாராக இருந்த கட்டடம். நடுக்கத்தைவிட அடுத்து பரவிய தீதான் அதைக் கெடுத்தது. 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது எஃகு பாதி வலுவை இழக்கும். தூண்கள் வளைந்து தளங்கள் தொய்ந்து கிடந்தன. ஒரே ஆண்டில், 1907 ஏப்ரலில், ஹோட்டலைத் திறக்க வைத்துவிட்டார். இதைவிடக் கடினமான வேலையை அவர் வேறெங்கும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஹர்ஸ்ட் மாளிகை 1919 முதல் 1947 வரை இழுத்தது. நெப்டியூன் நீச்சல் குளத்தை மட்டும் மூன்று முறை மாற்றிக் கட்டினார். 1936இல் முடிந்த கடைசி வடிவம் 3,45,000 காலன், ஏறத்தாழ 13 லட்சம் லிட்டர், கொள்ளும். மலைச்சரிவில் நிற்கும் இத்தனை பெரிய தொட்டிக்குக் கசிவுதான் எதிரி. 2014இல் வற்றவைத்து, ஓடுகளைப் பெயர்த்துச் சரிசெய்து, 2018இல்தான் மறுபடி நிரப்பினார்கள்.

மொத்தம் 700க்கு மேற்பட்ட கட்டடங்கள். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் வந்ததோ 2014இல், அவர் இறந்து 57 ஆண்டுகள் கழித்து. பெரிய அநியாயம் இது.

பெர்க்கிலிக்குப் போனால், 1910இல் முடிந்த செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தைப் பாருங்கள். கையிருப்பு குறைவு என்பதால் உட்சுவரை மூடாமல், மரச்சட்டங்களை வெளியே தெரியவிட்டார். இப்போது அது அவர் பெயரிலேயே நாடக அரங்கம்.