கிவிக் கொடி: கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: ஐயா, ஐந்தாண்டுக் கொடி பந்தலை மூடியும் பூக்கவில்லை. உரம் போதவில்லையா?

உரத்தின் குறையன்று. நீங்கள் நட்டிருக்கும் ஹேவர்ட் வகையின் மொட்டுகள், குளிர்காலத்தில் ஏழு பாகைக்கும் குறைந்த குளிரில் பல நூறு மணி நேரம் உறங்கி எழுந்தால்தான் வசந்தத்தில் பூவாக விரியும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில், நடுக்குளிர்காலமான ஜூலை மாத இரவுகளுக்கே அந்தக் குளிர் வாய்ப்பதில்லை. மேலும் உரமிட்டால் இலைதான் பெருகும். அந்தப் பந்தலில் கிரனடில்லாவை, அதாவது பாஷன் பழக் கொடியை, ஏற்றுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: என்னிடம் இருப்பது ஒரே கொடி. நிறையப் பூத்தும் காய் பிடிப்பதில்லையே?

கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு; ஆணா பெண்ணா என்று கேட்காமல் நாற்றுக்குக் காசு கொடுக்கக் கூடாது. பூவின் நடுவில் வெண்ணிறச் சூல்தண்டுகள் விசிறிபோல் விரிந்திருந்தால் அது பெண். மஞ்சள் மகரந்தப் பைகள் மட்டுமே நிறைந்திருந்தால் ஆண். பெண் பூவிலும் மகரந்தம் உண்டு, ஆனால் அது மலட்டு மகரந்தம் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். எட்டுப் பெண் கொடிகளுக்கு ஓர் ஆண் கொடி போதும். இப்பூவில் தேன் இல்லாததால் தேனீ ஆர்வம் காட்டாது. காலையில் ஆண் பூவைப் பறித்து, பெண் பூக்களின் நடுவில் நீங்களே மெல்லத் தேயுங்கள். விதை குறைந்தால் காயும் சிறுக்கும்.

நார்த்டேலிலிருந்து: ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹோவிக்கில் என் அத்தை வீட்டு ஒற்றைக் கொடி கூடை கூடையாகக் காய்க்கிறது.

அத்தையின் வேலிக்கு அப்பால் யாரேனும் ஆண் கொடி வளர்க்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். இல்லையெனில் அது தானே கருவுறும் ஜென்னி வகையாக இருக்கலாம். அதன் பழம் ஹேவர்டைவிடச் சிறியது.

நார்த்டேலிலிருந்து மீண்டும்: அப்படியானால் ஆண் கொடிக்குத் தனி இடம் எதற்கு?

இடமில்லையென்றால் பெண் கொடியிலேயே ஓர் ஆண் கிளையை ஒட்டுக் கட்டலாம். ஆனால் அதில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். ஓராண்டு ஜூலையில் கவாத்து செய்தபோது, அந்தக் கிளையை நானே வெட்டியெறிந்துவிட்டு, நவம்பரில் காயில்லாத பந்தலின் கீழ் நின்றேன்.

டோங்காட்டிலிருந்து: கடைப் பழத்தின் விதையை விதைக்கலாமா?

முளைக்கும். ஆணா பெண்ணா என்பது தெரியவே ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். ஒட்டு நாற்றே வாங்குங்கள், அதையும் கேட்டு வாங்குங்கள்.

பீனிக்ஸிலிருந்து: எங்கள் கொடியும் பூக்கவில்லை, என்ன உரம் இடலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஹோவிக்கிலிருந்து: இளங்கொடியைப் பூனை பிறாண்டுகிறது. எப்போது பறிப்பது என்றும் சொல்லுங்கள்.

கொடியின் வாசனைக்குப் பூனை மயங்கும். அடியைச் சுற்றிக் கம்பிவலை இடுங்கள். காயை மே மாதத்தில், உறைபனி விழுமுன், கல்லாக இருக்கும்போதே பறித்து, ஓர் ஆப்பிளுடன் பையில் கட்டி வைத்தால் சில நாட்களில் கனியும்.

பீனிக்ஸிலிருந்து மீண்டும்: சாணி உரமாவது இடலாமா?

கிரனடில்லாவுக்கு இடுங்கள்.